நூறுக்குக் கீழே

ஜனவரி 9

அப்பாவுக்கு,

பதினோரு வருஷம் கழித்து உங்களுக்கு எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதவில்லை. ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது, அதற்காக எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நடுவில் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள மாட்டீர்கள்.

நான் இங்கே ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். போன மாதம் கடையில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எனக்குக் கெட்ட கொழுப்பு 212. நூறுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒல்லியா இருக்கீங்க, வயசு முப்பத்தாறுதான். இது சாப்பாட்டால மட்டும் வந்த மாதிரி தெரியலையே. வீட்டுல யாருக்காவது இதய நோய் உண்டா?" என்று கேட்டு ஒரு படிவத்தை நீட்டினார்.

அதில் அம்மாவுக்கு ஒரு கட்டம். இறந்த வயது ஐம்பத்தொன்று என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதினேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எனக்குப் போட்ட ஒரே கார்டில் அதுதானே இருந்தது? "உன் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். எல்லாம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நீ வர வேண்டாம்." மூன்று வரி. எனக்கு மனப்பாடம்.

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். "ஐம்பத்தோரு வயசுல வெறும் காய்ச்சலா? நல்லா விசாரிச்சுட்டு வாங்க" என்றார்.

விசாரிக்கிறேன். அம்மா எதனால் இறந்தாள்? அவள் பக்கத்தில் யார் யார் எந்த வயதில் போனார்கள்? உங்கள் கொழுப்பு எவ்வளவு? உங்கள் அப்பா எதனால் போனார்?

பதில் மட்டும் போதும். நலம் விசாரிக்க வேண்டாம். போன் நம்பர் தரமாட்டேன். உங்கள் குரலைக் கேட்கும் தெம்பு எனக்கில்லை.

மகள்


ஜனவரி 21

என் அருமைப் பொடிசுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் கீழ்வாசலிலேயே நின்றுவிட்டேன். தபால்காரர், "என்னங்க, ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார். "என் பொண்ணு எழுதியிருக்கா" என்றேன். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?" என்றார். அவர் இந்தத் தெருவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது.

நான் ஓய்வு பெற்றும் ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் நம் கட்டடத்து லிஃப்டை இன்னும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வருகிற மெக்கானிக்குகளுக்குக் காதே கிடையாது. மோட்டார் முனகுவதை வைத்தே பிரேக் தேய்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டாமா? இவர்கள் போனைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

எனக்கு ஒரு நோயும் இல்லை. அறுபத்தாறு வயதுவரை ஊசி முனைக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுத்ததில்லை. காலையில் வெண்ணெயில் இரண்டு முட்டை. மத்தியானம் கறி. சாயங்காலம் எதிர்க்கடையில் சுடச்சுடப் பொரித்தது ஏதாவது. நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். எல்லாம் செரிக்கிறது. என் அப்பா எழுபத்தெட்டு வயதில் படியில் வழுக்கி விழுந்து போனார். அதற்கும் கொழுப்புக்கும் சம்பந்தமில்லை.

உன் அம்மாவுக்குக் காய்ச்சல்தான். உன் டாக்டருக்கு வேறு வேலையில்லையா? அவள் பக்கத்து ஆட்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்? இன்னும் ஊரார் லிஃப்டுக்கெல்லாம் சிவப்பு அட்டை ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா? என் சர்வீஸில் நான் மாட்டிய லிஃப்டைப் 'பாதுகாப்பில்லை' என்று நிறுத்திவைத்த ஒரே இன்ஸ்பெக்டர் அவர்தான். கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். போகட்டும், பழைய கதை. நீயாக எழுதினாயே, அதுவே போதும்.

உனக்கு எத்தனை குழந்தைகள்?

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 4

அப்பாவுக்கு,

ஒரு மகள். ஒன்பது வயது. போன வாரம் அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தியபோது அவள் அழவில்லை. ரிப்போர்ட்டைப் படித்த என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதாள். அவளுக்கு 178.

பரம்பரையாக வந்ததா, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் குழந்தைக்கு எப்போது என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியுமாம். உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நீங்கள் சொல்கிற பொய் என் பெண்ணின் ரத்தக் குழாயில் போய் அடைக்கும். அது புரிகிறதா?

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் வீட்டை விட்டுப் போன பிறகும் அம்மா மாதம் ஒருமுறை என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு, கீழே மருந்துக் கடையிலிருந்து. கடைசியாகப் பேசியபோது, "வேகமா நடந்தா தாடை வலிக்குதுடி, பல்லுதான் போல" என்றாள். நானும் பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். இதயக் கோளாறு இருந்தால் தாடையில்கூட வலிக்குமாம், டாக்டரம்மா இப்போது சொல்கிறார். எட்டு வருஷமாக அந்தப் பல்லைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. இப்போது அந்த நினைப்பைத் தவிர வேறு இல்லை.

உண்மையை எழுதுங்கள். இன்னொரு தடவை காய்ச்சல் என்று எழுதினால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

மகள்


பிப்ரவரி 19

மகளுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

காய்ச்சல் இல்லை. நெஞ்சு வலி.

மூன்று நாள் இருந்தது. முதல் நாள் காலை சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "நெஞ்சை அழுத்துதுங்க" என்றாள். வாயு என்றேன். சோடா வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது. "டாக்டர்கிட்ட போவோமா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புது லிஃப்டை ஓட்டிக் காட்ட வேண்டிய நாள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அவளை வீட்டில் விட்டுவிட்டு.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. "அவளுக்கு ஒரு போன் பண்ணுங்க. பேத்தி குரலைக் கேக்கணும்" என்றாள். போன் என் கையில்தான் இருந்தது. "நம்பர் எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். "எனக்குத் தெரியும். சொல்றேன், அழுத்துங்க" என்றாள். நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆத்திரம் தலைக்கேறியது. "ரெண்டு பேருமா சேர்ந்து என்னை முட்டாளாக்கினீங்களா? முதல்ல எழுந்து உட்காரு, அப்புறம் பேசிக்கலாம்" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் நம்பரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அழுத்தவில்லை.

உதடு நீலம் பாரித்த பிறகுதான் பயந்தேன். தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினேன். நாலாம் மாடியிலிருந்து இறங்கும்போது, இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில், என் தோளில் அவள் தலை கனத்துவிட்டது.

பன்னிரண்டு நாள் உனக்குச் சொல்லாமல் இருந்தது மறதி இல்லை. நீ வந்து அவள் முகத்தைப் பார்த்து அழக்கூடாது என்று நினைத்தேன். என்னை மீறிப் போனவளுக்கு அதுதான் தண்டனை என்று நினைத்தேன். காய்ச்சல் என்று எழுதியது, இந்த மூன்று நாள் கதை வெளியே வரக்கூடாது என்பதற்காக.

போன வாரம் உன் சின்ன மாமா வீட்டுக்குப் போனேன். பெரியம்மாவும் அங்கே இருந்தாள். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள். "எட்டு வருஷம் கழிச்சு எதுக்கு வந்தீங்க? இன்னும் யார் பாக்கி இருக்காங்கன்னு பார்க்கவா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, கேட்டு எழுதி வந்தேன். உன் தாத்தா நாற்பத்தெட்டில், நெஞ்சு வலி. பெரிய மாமா நாற்பத்து நாலில், நெஞ்சு வலி. சின்ன மாமாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பெரியம்மா இருபது வருஷமாகக் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். இதை உன் டாக்டரிடம் காட்டு.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. அடித்துவிட்டேன்.

அப்பா


மார்ச் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு வாரத்துக்கு மேல் ஆகிறது. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். படித்த அன்று வேலையில் ஆறு லென்ஸை உடைத்தேன். கடை முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். நடந்ததை மாற்ற முடியாது. உண்மையைச் சொன்னீர்களே, அதற்கு நன்றி.

நீங்கள் கொடுத்த பட்டியலைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் "மாத்திரை போட்டாச்சுன்னு சும்மா இருக்கக் கூடாது, சாப்பாடும் நடையும் தினமும் வேணும்" என்றார். குழந்தைக்கு இப்போதைக்குச் சாப்பாடும் விளையாட்டும்தான். ஆறு மாதம் கழித்துப் பார்ப்பார்களாம்.

இப்போது என் கவலை உங்களைப் பற்றித்தான். நீங்கள் எழுதியிருந்த முட்டை, வெண்ணெய், சிகரெட் கணக்கை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "இவர் இன்னும் எப்படி நடமாடறார்?" என்று கேட்டார். இப்படியே போனால் ஒருநாள் சட்டென்று போய்விடுவீர்கள். அப்படிப் போகக் கூடாது. நீங்கள் நிறைய நாள் இருக்க வேண்டும் அப்பா. அதை நான் எவ்வளவு விரும்புகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

முதலில் ரத்தம் கொடுங்கள். டாக்டரைப் பாருங்கள். அவர் சரி என்றால் இனி லிஃப்டில் ஏறாதீர்கள், நாலு மாடியும் படியில். சிகரெட்டை இன்றோடு விடுங்கள். வெண்ணெய் வேண்டாம். எதிர்க்கடைப் பக்கமே போக வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட்டின் நகலை எனக்கு அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்


ஏப்ரல் 23

என் அருமைப் பொடிசுக்கு,

ரத்தம் கொடுத்தேன். அந்த நர்ஸம்மா நரம்பைத் தேடித் தேடிக் குத்தினாள். "பயப்படாதீங்க" என்று நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். 188. நகலை வைத்திருக்கிறேன். டாக்டர் நெஞ்சுக்குக் கம்பி ஒட்டிப் படம் எடுத்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், ஒரு மாத்திரை எழுதினார். படி ஏறலாம், மெதுவாக, மூச்சு வாங்கினால் நின்று நின்று ஏறுங்கள் என்றார்.

முதல் நாள் ஒவ்வொரு மாடியிலும் நின்றேன். மூன்றாம் மாடி டீச்சர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சார், லிஃப்ட் ரிப்பேரா?" என்றார். "லிஃப்ட் நல்லாத்தாம்மா இருக்கு, நான்தான் ரிப்பேர்" என்றேன்.

சிகரெட்தான் உயிரை வாங்குகிறது. பதினேழு வயதில் மோட்டார் அறையில் தொடங்கியது. முதல் வாரம் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். விழுவதற்கும் வீட்டில் ஆள் இல்லை, ரேடியோவைத்தான் திட்டினேன். இன்றோடு பதினான்கு நாள் ஆகிறது.

காலையில் ஓட்ஸ் கஞ்சி. சுவருக்குப் பூசுகிற பசை மாதிரி இருக்கிறது. நீ சொன்னாய் என்பதற்காகக் குடிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா


மே 15

அன்புள்ள அப்பாவுக்கு,

ரிப்போர்ட் கிடைத்தது. 188 அதிகம்தான், ஆனால் இறக்கிவிடலாம். கஞ்சியில் ஒரு ஆப்பிளை நறுக்கிப் போடுங்கள், விழுங்கலாம். மத்தியானம் கறிக்குப் பதில் வேகவைத்த பயறு, காய்கறி. வாரம் இரண்டு நாள் மீன், பொரிக்காமல். ஒரு கை பாதாம், உப்பில்லாமல். தினமும் அரை மணி நேரம் நடை, பாட்டுப் பாட முடியாத வேகத்தில், ஆனால் பேச முடிகிற வேகத்தில். டாக்டரம்மா அப்படித்தான் சொல்வார்.

நானும் அதைத்தான் செய்கிறேன். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். என் வீட்டுக்காரர் சமையலில் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுகிறார். இன்ஸ்பெக்டர் இல்லையா, எதையும் அளக்காமல் விடமாட்டார்.

உங்கள் பொழுது எப்படிப் போகிறது? சாயங்காலம் யாராவது வந்து போகிறார்களா? யாரோடு பேசுகிறீர்கள்? எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்


ஜூலை 30

என் அருமைப் பொடிசுக்கு,

146! ரிப்போர்ட்டை டாக்டர் என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஓட்ஸ் கஞ்சிக்கும் ஒரு பங்கு உண்டு, மாத்திரைக்கு மட்டும் பேர் கொடுக்காதீங்க" என்றேன். சிரித்தார்.

நாலு மாடியும் இப்போது நிற்காமல் ஏறுகிறேன். பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறேன்.

பொழுதைப் பற்றிக் கேட்டாய். சிகரெட் இருந்த காலத்தில் ஒரு நாள் என்பது இருபது துண்டு. ஒன்று பிடித்து முடித்தால் அடுத்ததுவரை காத்திருக்கலாம். இப்போது நாள் ஒரே நீளமாகக் கிடக்கிறது. எதிர்க்கடையில்தான் நாலு பேர் கூடுவோம். அங்கே போனால் கை தானாகத் தட்டுக்குப் போகும் என்று போவதில்லை. அவர்களும் தேடி வரவில்லை. லிஃப்டில் ஏறினால் யாரோடாவது நாலு வார்த்தை பேசலாம், படியில் யாரும் வருவதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நடந்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், படுக்கிற வரைக்கும் சுவர்தான். முன்பெல்லாம் தின்றுவிட்டு மந்தமாகக் கிடப்பேன். இப்போது மூளை கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. உன் அம்மா சொன்ன நம்பர் முழுசாக ஞாபகம் வருகிறது.

பேத்தியின் போட்டோ ஒன்று அனுப்புவாயா?

அன்புடன்,
அப்பா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

146 நல்ல முன்னேற்றம். நூறுக்குக் கீழே வர வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

எனக்கு 121. குழந்தைக்குச் சாப்பாட்டிலும் ஓட்டத்திலும் மட்டுமே 159 ஆகியிருக்கிறது. அவளுக்குக் கயிறு தாண்டுவதில் பைத்தியம்.

மூளை தெளிவாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கேட்க சந்தோஷமாக இருக்கிறது. எதிர்க்கடைக்குப் போகாமல் இருப்பதும் நல்லதுதான். இனி நடையை முக்கால் மணி நேரமாக்குங்கள்.

போட்டோவுக்கு இப்போது அவசரம் என்ன?

உங்கள் அன்பு மகள்


நவம்பர் 5

என் அருமைப் பொடிசுக்கு,

உட்கார்ந்து படி. 96.

டாக்டர் எழுந்து கை கொடுத்தார். "எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க நடக்கற நடைக்கு இன்னும் இருபது வருஷம் ஓட்டலாம் சார்" என்றார். சிகரெட்டை விட்டு ஏழு மாதம். நடக்கும்போது இளவட்டங்கள் எனக்கு வழிவிடுகிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் உன் ஊருக்கு வரட்டுமா? பத்து நாள் போதும். பேத்தியைப் பார்க்க வேண்டும். உன் வீட்டுக்காரர் அன்றைக்கு ஒட்டிய சிவப்பு அட்டை சரிதான் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். ரோப்பில், அதாவது லிஃப்டைத் தூக்கும் கம்பிக் கயிற்றில், மூன்று இழை அறுந்திருந்தது. எனக்கு அன்றைக்கே தெரியும். அவர் கண்டுபிடித்துவிட்டாரே என்ற கடுப்புதான். உன் வீட்டில் நான் ஒரு மூலையில் இருந்துகொள்வேன். சாப்பாடும் பிரச்சினையில்லை, கஞ்சி போதும். நீ சரி என்று எழுதினால் டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா


நவம்பர் 24

அப்பாவுக்கு,

நீங்கள் வர வேண்டாம்.

பிப்ரவரியில் உங்கள் கடிதம் வந்த பிறகு நான்கு வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களை எப்படித் தண்டிப்பது என்று யோசித்தேன். திட்டி எழுதலாம். படித்துவிட்டு ஒரு சிகரெட் பிடிப்பீர்கள், அதோடு முடிந்தது. எழுதாமலே இருக்கலாம். அது உங்களுக்குப் பழகிப்போன விஷயம். எதுவும் போதவில்லை.

அப்புறம் உங்கள் சாப்பாட்டுக் கணக்கைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா ஒன்று சொன்னார். "இந்த மாதிரி ஆளுங்க பல பேர் ஒரு நொடியில போயிடுவாங்க, என்ன நடந்ததுன்னே தெரியாது." வீடு வரும்வரை அதுவே காதில் கேட்டது. அம்மாவுக்கு மூன்று நாள். நம்பரைச் சொல்லிச் சொல்லிப் போனாள். உங்களுக்கு ஒரு நொடியா? நன்றாகத் தின்று, நாலு பேரோடு சிரித்து, புகையை ஊதிவிட்டு, ஒரு நொடியில் தப்பித்துப் போவீர்களா? விடமாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதற்குத்தான் ஓட்ஸ். அதற்குத்தான் படி. உங்கள் நாளைத் துண்டு போட்ட சிகரெட்டைப் பிடுங்கினேன். நாலு பேர் கூடும் கடையைப் பிடுங்கினேன். லிஃப்டில் கிடைத்த நாலு வார்த்தையையும் பிடுங்கினேன். யாராவது வருகிறார்களா என்று அக்கறையாக விசாரித்தேனே, யாரும் வரவில்லை என்று நீங்கள் எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சுவர் என்று எழுதியிருந்தீர்கள். ருசித்துப் படித்தேன்.

இருபது வருஷம் கிடைத்திருக்கிறது உங்களுக்கு. நான் கொடுத்தது. அந்த இருபது வருஷமும் நாலாம் மாடியில் நல்ல ரத்த ஓட்டத்தோடு, தெளிந்த புத்தியோடு, அந்த நம்பர் ஒரு இலக்கம்கூட மறக்காமல் உட்கார்ந்திருங்கள். நானும் வரமாட்டேன், என் பெண்ணும் வரமாட்டாள். அவளுக்குத் தாத்தா இல்லை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

என்னிடமிருந்து இனிக் கடிதம் வராது.

மகள்


டிசம்பர் 14

மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை தேவைப்படவில்லை.

எனக்குத் தெரியும். மார்ச்சில் அன்புள்ள என்று ஆரம்பித்தாயே, அன்றைக்கே தெரியும். நான்கு வாரத்தில் யாருக்கும் மனம் அப்படி இளகாது. எனக்குப் பதினோரு வருஷத்தில் இளகவில்லை, நீ என் பெண்தானே. நான் லிஃப்ட் மெக்கானிக். முனகுகிற மோட்டாரைப் பற்றிக் கவலைப்படமாட்டேன், சத்தமே போடாமல் ஓடுகிறதே, அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். சாயங்காலம் யாராவது வருகிறார்களா என்று நீ கேட்டபோது எனக்கு நிச்சயமாகிவிட்டது. பழிவாங்குகிற கை எப்படி எழுதும் என்று எனக்குத் தெரியாதா? உனக்கு அந்தக் கார்டைப் போட்டது இந்தக் கைதானே.

தெரிந்தும் ஏன் செய்தேன் என்று கேட்பாய். கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். எட்டு வருஷமாக எனக்கு யாரும் எதையும் தரவில்லை. மன்னிப்பை நானும் எதிர்பார்க்கவில்லை. தண்டனை என்று ஒன்று தபாலில் வந்தது, அதுவும் உன் கையெழுத்தில். வாங்கிக்கொண்டேன். படியில் ஏறும்போது இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு திருப்பம் வரும். அங்கே தினமும் ஒரு நிமிஷம் நிற்பேன். டாக்டர் சொன்னதற்காக இல்லை.

வரட்டுமா என்று கேட்டது, வருவேன் என்று நம்பி இல்லை. உள்ளே வைத்திருந்ததை நீ வெளியே கொட்டிவிட வேண்டும் என்று கேட்டேன். எட்டு வருஷம் ஒன்றை உள்ளேயே வைத்திருந்தவன் சொல்கிறேன், அது உடம்புக்கு ஆகாது.

கடிதம் எழுதமாட்டேன். ரிப்போர்ட் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். பிரிக்காமல் குப்பையில் போட்டாலும் சரி. இருபது வருஷத்தையும் முழுசாக இருந்து முடிக்கிறேன். ஒரு நாள் குறைக்கமாட்டேன்.

அப்பா


பிப்ரவரி 27

அப்பாவுக்கு,

எழுதமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். எழுதுகிறேன்.

தெரிந்தேதான் படியேறினீர்களா? நான் ஒவ்வொரு வரியாக யோசித்து, சர்க்கரை தடவி எழுதியதையெல்லாம், என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டே படித்தீர்களா? அம்மாவைப் பறித்தீர்கள். அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்தீர்கள். பழிவாங்கிவிட்டேன் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அதையும் வந்து பிடுங்கிக்கொண்டீர்கள். என் தண்டனையைப் பரிசு மாதிரி வாங்கி மடியில் வைத்துக்கொண்டால் நான் எங்கே போவது?

உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. பாருங்கள், இதை எழுதும்போதும் எழுத்து நேராக இருக்கிறது.

உங்கள் ரிப்போர்ட் நேற்று வந்தது. நான் வீட்டில் இல்லை, என் பெண் பிரித்துவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் ரிப்போர்ட்டை ஒரு கிளிப்பில் மாட்டி வைப்பது வழக்கம், அதில் உங்களுடையதையும் சேர்த்து மாட்டிவிட்டு, "இது யாரோடதும்மா?" என்று கேட்டாள். தெரிந்தவர் ஒருவருடையது என்றேன். "இவருக்கு நூத்தி ஏழும்மா. தப்பு பண்றாரு போல" என்றாள்.

நூற்றேழு. நவம்பரில் 96. நடுவில் என்ன செய்தீர்கள்? முழுசாக இருந்து முடிப்பேன் என்று வாய்கிழிய எழுதினால் போதுமா? மாத்திரையை விட்டீர்களா? எதிர்க்கடைக்குப் போனீர்களா? இல்லை, சிகரெட்டா?

என்ன சாப்பிட்டீர்கள் என்று நாள்வாரியாக எழுதி அனுப்புங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

மகள்